தானாக மூடப்பட்ட புகார்

ஸ்ரீபெரும்புதூர்
9 ஜூன் 2025

அண்ணே,

நான் போன் செய்தால் நீ எழுந்து வெளியே போய்விடுகிறாய் என்று அம்மா சொன்னாள். நேற்று நீ பக்கத்தில்தான் இருந்தாய் போல. "ஏல இசக்கி, தங்கச்சி பேசுதா, ரெண்டு வார்த்த பேசிட்டுப் போல" என்று அம்மா கூப்பிட்டது எனக்கும் கேட்டது. பிறகு உன் செருப்புச் சத்தம் கேட்டது. அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

உன்னை டிஸ்சார்ஜ் செய்த அன்று மத்தியானம் பெர்மிஷன் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். காலையிலேயே வேல்ராஜ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டதாக நர்ஸ் சொன்னார். அவனுக்குப் போன் செய்தேன். அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார் என்றான். கம்பெனியில் உன்னோடு ஒரே லைனில் நிற்கிறவன், உன் ரூம்காரன். உன்னை வழியனுப்ப அவனுக்கு உரிமை இருந்தது, எனக்கு இல்லாமல் போயிற்று.

பி.காம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளை நீதான் இங்கே கூட்டிக்கொண்டு வந்தாய். உன் கம்பெனி ஸ்டோரிலேயே டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்த்துவிட்டாய். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் ஆப் செய்யலாம் என்று கம்பெனி ஒரு மென்பொருள் வாங்கி எங்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்தபோது, நான் முதலில் சொன்னது உன்னிடம்தான். திரையில் கட்டங்களை இழுத்து வைக்க வேண்டும், ஒன்றோடொன்று இணைக்க வேண்டும், இப்படி நடந்தால் அப்படிச் செய் என்று நிபந்தனை போட வேண்டும், அவ்வளவுதான் என்றேன். நீ சிரித்தாய். நான் செய்த கேன்டீன் கூப்பன் ஆப் உன் போனில் வந்த அன்றுதான் நம்பினாய். "லைன்ல எல்லாவன்கிட்டயும் சொல்லிட்டேன், எந்தங்கச்சி செஞ்சதுன்னு" என்று நீ சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா?

பிறகு அந்தப் புகார் ஆப். மெஷினில் கோளாறு என்றால் சூப்பர்வைசர் பின்னால் அலைய வேண்டாம், போனில் போட்டால் நேராக மெயின்டனன்ஸுக்குப் போய்விடும் என்று நினைத்துத்தான் அதைச் செய்தேன். உனக்காகவே செய்தது என்றுகூடச் சொல்வேன். அதில் புகார் போட்ட உனக்கே இப்படி ஆகும் என்று யார் நினைத்தார்கள்?

கட்டுப் பிரித்துவிட்டார்களா? வலி இருக்கிறதா? உன் கோபம் என் மீதா, கம்பெனி மீதா? அதை மட்டுமாவது எழுது.

கவியா


கரிவலம்வந்தநல்லூர்
21 ஜூன் 2025

கவியா,

இடது கையால் எழுதுகிறேன். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் முடிகிறது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

கட்டுப் பிரித்தாயிற்று. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. நடுவில் ஒன்றும் இல்லை. அம்மா பார்க்காத நேரத்தில்தான் சாப்பிடுகிறேன். ஸ்பூன் வாங்கி வைத்திருக்கிறாள். அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நீ கேட்டதற்குப் பதில்: உன் மீதுதான். கம்பெனி மீது கோபப்பட்டு என்ன செய்ய? கம்பெனிக்கு நான் யார்?

நீ ஆபீஸ் கட்டிடத்தில் இருந்தாய். ஏழாம் நம்பர் பிரஸ் பக்கத்தில் வந்து நின்றதே இல்லை. அதனால் சொல்கிறேன். தகட்டை வைத்து, கையை எடுத்துக்கொண்டு, பட்டனை அழுத்தினால் பிரஸ் ஒரு தடவை இறங்கி ஏற வேண்டும். அடித்த தகட்டை எடுக்கக் கையை உள்ளே விடுவோம். அந்த மெஷின் சில நேரம் தானாக இன்னொரு தடவையும் இறங்கியது. டபுள் அடி என்போம். உன் ஆப் வருவதற்கு முன்னால் எந்த மெஷின் டபுள் அடித்தாலும் சிவப்பு சுவிட்சை அமுக்கி நிறுத்திவிட்டு நிற்போம். சூப்பர்வைசர் பகலவன் ஓடிவருவான். "இன்னாபா நிறுத்திகினு நிக்கிற, புரொடக்‌ஷன் நீயா குடுப்ப?" என்று கத்துவான். கத்தினாலும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். மெஷின் நிற்கிறதே, வேறு வழியில்லை.

ஆப் வந்த பிறகு, "ஆப்ல போட்டியா? போட்டுட்டு ஓட்டு" என்றான். போட்டேன். ரெண்டு நாளில் மெசேஜ் வந்தது. 'உங்கள் புகார் முடிக்கப்பட்டது. நன்றி.' மெக்கானிக் வந்ததாக யாரும் சொல்லவில்லை. மறுபடி டபுள் அடித்தது. மறுபடி போட்டேன். மறுபடி நன்றி வந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. வேல்ராஜ் அந்த மெஷினில் நிற்கவே பயந்தான். நான்தான் அவனுக்குத் தைரியம் சொன்னேன். என் தங்கச்சி செய்தது, முடிந்தது என்று வந்தால் முடிந்ததுதான் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் ஜங்ஷன் டீக்கடையில் உன்னிடம் கேட்டேன். "முடிஞ்சுதுன்னு மெசேஜ் வருது, ஆனா ஆள் யாரும் வந்த மாதிரி தெரியலையே பிள்ள?" நீ டீயை ஊதிக்கொண்டே, "வந்திருச்சுன்னா பாத்திருப்பாங்க அண்ணே" என்றாய்.

அந்த வாரம்தான் கை போனது.

இனிமேல் எழுதாதே.

இசக்கி


ஸ்ரீபெரும்புதூர்
30 ஜூன் 2025

அண்ணே,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

டீக்கடையில் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதலாம். அது பொய். நீ எழுதியதற்குப் பதிலாக நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

புகார்கள் எல்லாம் தலைமை அலுவலகத்தில் ஒரு திரையில் தெரியும். முடியாத புகார் சிவப்பு, முடிந்தது பச்சை. மாத மீட்டிங்கில் நம் பிளான்ட் சிவப்பாக நின்றது. ஸ்ரீதர் சார், எங்கள் டிஜிட்டல் பிரிவுக்கு மேனேஜர், என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு நாளைக்கு மேல ஓபன்ல நிக்கிறத தானா க்ளோஸ் ஆகற மாதிரி வெச்சிடும்மா" என்றார். வேலை முடியாமல் எப்படி சார் என்று கேட்டேன். வேலை செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருப்பார்கள், இது ரிப்போர்ட்டுக்கு மட்டும் என்றார். நான் போய் உட்கார்ந்து ஒரு கட்டத்தை இழுத்து வைத்தேன். நிபந்தனையை எழுதினேன். புகார் போட்டவர்களுக்கு மரியாதையாக ஒரு மெசேஜ் போகட்டும் என்று அந்த நன்றியையும் நானே சேர்த்தேன்.

பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகளில் ஒருவர் எழுதியதை வேறு சிலர் சோதித்துப் பார்ப்பார்களாம். இங்கே நான் ஒருத்திதான். நான் ஒரு பட்டனை அழுத்தினால் உடனே லைனில் எல்லார் போனிலும் மாறிவிடும். வேண்டாம் என்று சொல்ல நடுவில் ஆளே கிடையாது. அந்த வேகத்துக்குத்தான் எனக்கு மேடையில் சால்வை போட்டார்கள். நீயும் கைதட்டினாய்.

டீக்கடையில் நீ கேட்டவுடனே அந்த நிபந்தனை எனக்கு நினைவு வந்துவிட்டது. ஆனால் நீ ஊரெல்லாம் பெருமையாகச் சொன்ன ஆப்பில் நானே இப்படி ஒன்றை வைத்திருக்கிறேன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை மெயின்டனன்ஸில் விசாரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை கேன்டீன் ஆப் வேலை செய்யவில்லை என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். அதில் மறந்தேன். இதற்கு மேல் நியாயம் ஒன்றும் என்னிடம் இல்லை.

இப்போது இன்னொன்று நடக்கிறது. உன் விபத்தைப் பற்றி விசாரிக்க அடுத்த மாதம் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். போன வாரம் ஸ்ரீதர் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். நீ போட்ட மூன்று புகாரும் பிரஸ் டபுள் அடிக்கிறது என்று இருக்கிறதல்லவா, அதைத் தரையில் எண்ணெய் என்று மாற்றிவிடச் சொன்னார். "ரெண்டு கிளிக்தான். உங்க அண்ணனுக்கும் நல்லது, நஷ்டஈடு சீக்கிரம் வரும். உனக்கும் பெர்மனென்ட் ஆர்டர் ரெடியா இருக்கு" என்றார். முடியாது சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. சரி போ என்றார்.

மறுநாள் திறந்து பார்த்தேன். மாறியிருந்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதுதானே அந்த மென்பொருளின் பெருமை, அவரே செய்துவிட்டார். யார் எப்போது மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் வசதிக்குத் தனியாகக் கட்டணம் என்று கம்பெனி அதை வாங்கவில்லை. உன் போனில் இருக்கும் மெசேஜிலும் என்ன புகார் என்று இருக்காது. இனி அது மெஷின் புகார் என்று சொல்ல உலகத்தில் நீ இருக்கிறாய், நான் இருக்கிறேன்.

நான் என்ன செய்ய வேண்டும்? நீ சொன்னால் அப்படியே செய்கிறேன்.

கவியா


கரிவலம்வந்தநல்லூர்
9 ஜூலை 2025

கவியா,

உன் கடிதம் வந்த மறுநாள் பகலவன் இங்கே வந்தான். சங்கரன்கோவிலில் இறங்கி வழி விசாரித்து வந்திருக்கிறான். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கி வந்தான். என் கையைப் பார்த்தவன் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "நிறுத்துனா மேல இருந்து கத்துறான். ஓட்டுனா இப்டி ஆவுது. நான் இன்னா பண்றது இசக்கி, எனக்கும் வூட்ல ரெண்டு பொண்ணு கீது." அவனைத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு வரவில்லை.

அவன் ஒரு பேப்பர் கொண்டு வந்தான். தரையில் எண்ணெய் இருந்ததாகத்தான் நான் புகார் போட்டேன், கை உள்ளே போனது என் கவனக்குறைவு என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் கேட்டில் வேலை. வருகிற வண்டிகளைப் பார்த்து உள்ளே விட வேண்டும், ஒரு கை போதும் என்றான். அம்மா காப்பியை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பகலவன் அவளைப் பார்த்தே பேசினான். "போட்டுருல" என்றாள்.

போட்டுவிட்டேன். இடது கையால் போட்டது என் கையெழுத்து மாதிரியே இல்லை. பரவாயில்லை என்று கைரேகையும் வாங்கிக்கொண்டான்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாயே. வாயைத் திறக்காதே. ஆய்வாளர் வந்தால் ஒதுங்கி நில். உன் மேனேஜர் தருகிற ஆர்டரை வாங்கிக்கொள். அப்பா போனதிலிருந்து இந்த வீட்டை நான் இழுத்தேன். இனி என்னால் முழுசாக முடியாது. ஒருத்தராவது நிலையாக இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் விரல் முளைக்குமா?

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது வேறு, இது வேறு.

ஆகஸ்ட்டில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் நீ உள்ளே போகும்போது நான் கேட்டில் நிற்பேன். என்னைப் பார்க்காத மாதிரிப் போய்விடு. அது போதும்.

இசக்கி


குன்றத்தூர்
27 ஜூலை 2025

அண்ணே,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்தே உனக்குப் புரிந்திருக்கும். நான் பேசிவிட்டேன்.

பேச வேண்டும் என்று போகவில்லை. நீ சொன்னபடி ஒதுங்கி நிற்கத்தான் போனேன். ஆய்வாளர் ஒரு அம்மா. மீட்டிங் அறையில் பெரிய திரையில் ஆப்பைக் காட்டினார்கள். ஓட்டிக் காட்ட ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். உன் மூன்று புகாரும் வரிசையாக வந்தன. தரையில் எண்ணெய், தரையில் எண்ணெய், தரையில் எண்ணெய். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மூணு தடவையும் எண்ணெய்னுதான் போட்டிருக்காரா? மெஷின பத்தி ஒரு தடவ கூட போடலையா?" என்று கேட்டார். இல்லை மேடம் என்றார் ஸ்ரீதர் சார். அதோடு முடிந்திருக்கும். அந்த அம்மா பைலில் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அப்போது சும்மா ஏதோ பேச வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்து, "இந்த ஆப் நீங்க செஞ்சதாமே? நல்லா இருக்கே" என்றார்.

நல்லா இருக்கே என்றதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அதே வார்த்தையை நீயும் சொல்லியிருக்கிறாய்.

"அது மெஷின் புகார் மேடம். பிரஸ் டபுள் அடிக்குதுன்னு போட்டது. மாத்தியிருக்காங்க. யாரும் பாக்காமலே ரெண்டு நாள்ல தானா மூடற மாதிரி இருக்கு. அத வெச்சது நான்தான்" என்றேன்.

ஸ்ரீதர் சார் பதறவில்லை. இந்தப் பெண் அடிபட்டவரின் தங்கை, மனசு சரியில்லாமல் இருக்கிறாள் என்றார். ஆய்வாளர் பைலிலிருந்து நீ கையெழுத்துப் போட்ட பேப்பரை எடுத்தார். உங்கள் அண்ணனே எண்ணெய் என்றுதானே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று கேட்டார். அது உண்மையில்லை என்றேன். எல்லார் முன்னாலும் உன்னைப் பொய் சொன்னவன் ஆக்கிவிட்டேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் என் அடையாள அட்டை கேட்டில் வேலை செய்யவில்லை. எனக்குச் சம்பளம் கொடுக்கிற கான்ட்ராக்டர் ஆபீஸில் கேட்டதற்கு, இனிமேல் ஆள் தேவைப்படவில்லை என்றார்கள். ஹாஸ்டலும் அவர்களுடையதுதான், அன்றே காலி செய்யச் சொன்னார்கள். ஸ்டோரில் என்னோடு இருந்த சத்யப்பிரியா அவள் வீட்டு மாடி அறையில் இடம் கொடுத்திருக்கிறாள். "எத்தினி நாள் வோணாலும் இருடி" என்றாள். அவள் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிகிறது.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். ஷிப்ட் விட்டு வருகிற லைன் ஆட்களிடம், முடிந்தது என்று மெசேஜ் வந்தால் நம்பாதீர்கள், யாரும் பார்க்காமலே வரும், கோளாறு என்றால் மெஷினை நிறுத்துங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் நின்று கேட்டார்கள். பாதிப் பேர் சீட் பிடிக்க ஓடினார்கள். செக்யூரிட்டி வந்து என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். வேல்ராஜ் மட்டும் பஸ் கிளம்பும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றான்.

உன் கேட் வேலை என்ன ஆகுமோ தெரியவில்லை. நீ வேண்டாம் என்று சொல்லியும் செய்தேன். திட்டு.

கவியா


கரிவலம்வந்தநல்லூர்
8 ஆகஸ்ட் 2025

கவியா,

பகலவன் போன் செய்தான். கேட் வேலை இல்லை.

அப்போதும் என்னைக் கேட்காமல் ஒரு கட்டத்தை இழுத்து வைத்தாய். இப்போதும் என்னைக் கேட்காமல் பேசினாய். கேட்டாய், சரி. சொன்னதைக் கேட்டாயா? கை என்னுடையது. அதை வைத்து உன் மனசை ஆற்றிக்கொண்டாய்.

அம்மா இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை.

இசக்கி


குன்றத்தூர்
14 செப்டம்பர் 2025

அண்ணே,

நீ எழுதியதைப் பல நாள் பையிலேயே வைத்திருந்தேன். மனசை ஆற்றிக்கொண்டாய் என்று எழுதியிருந்தாய். ஆறவில்லை. ஆனால் நீ சொன்னது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. பேசும்போது உன்னை நினைத்தேனா, என்னை நினைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வாளர் ஏழாம் நம்பர் பிரஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொன்னார். ரிப்பேர் செய்ததாகக் காட்டி, கொஞ்ச நாளில் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கேஸ் நடக்கிறது, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. உன்னிடம் மறுபடி வாக்குமூலம் கேட்பார்கள். நீ என்ன சொன்னாலும் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

ஸ்ரீதர் சாரை மாற்றிவிட்டார்கள் என்று சத்யப்பிரியா ஓடிவந்து சொன்னாள். சந்தோஷப்பட்டேன். பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. அவர் போனது பெரிய பதவிக்கு. எல்லா பிளான்ட்டிலும் அந்த ஆப்பைக் கொண்டுபோவதுதான் அவருக்கு வேலை. நான் கட்டியதை அப்படியே நகல் எடுத்துக்கொண்டார்கள். அந்த நிபந்தனையும் அதற்குள்தான் இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லி அவருக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. எனக்கு உள்ளே போக வழியும் இல்லை. நான் பார்க்காத ஊரில், எனக்குத் தெரியாத ஆட்களின் போனில், நான் எழுதிய நன்றி போய்க்கொண்டிருக்கிறது.

ஒரகடத்தில் இன்னொரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போனேன். மாதிரிக்கு ஒரு ஆப் செய்து காட்டச் சொன்னார்கள். உட்கார்ந்ததும் கை தானாக ஓடியது. அந்த நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள். எழுந்திருக்கும்போது அந்த மேனேஜர், "முடியாத வேலை எல்லாம் மாசக் கடைசில தானா க்ளீன் ஆகிடணும், அது வரும் இல்ல?" என்று கேட்டார். வரும் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திங்கட்கிழமை போகவில்லை.

இப்போது வாலாஜாபாத் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டுகிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டு செய்கிற வேலை. கால் வீங்குகிறது. நீ இத்தனை வருஷம் எப்படி நின்றாய் என்று இப்போதுதான் நினைக்கிறேன்.

நீ பதில் எழுத வேண்டாம். சாப்பிட்டானா என்று அம்மாவிடம் கேட்டால் சொல்கிறாள். அதை வைத்து நான் இருந்துகொள்வேன்.

கவியா


கரிவலம்வந்தநல்லூர்
6 அக்டோபர் 2025

கவியா,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வேல்ராஜ் வந்து போனான். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் போன பிறகு ஏழாம் நம்பரில் அவனைத்தான் போட்டிருக்கிறார்கள். ரிப்பேர் ஆனது என்று சொன்ன பிறகும் ஒரு நாள் டபுள் அடித்திருக்கிறது. ஆப்பில் போட்டிருக்கிறான். முடிக்கப்பட்டது என்று வந்திருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி டபுள் அடித்தவுடன் சிவப்பு சுவிட்சை அமுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். பகலவன் கத்தினான். மேலே இருந்து ஆள் வந்தார்கள். ஆப்பில் முடிந்தது என்று இருக்கிறதே என்று காட்டினார்கள். வேல்ராஜ் சொன்னானாம், "அது தானா மூடும் சார். அத செஞ்ச பிள்ளையே பஸ்கிட்ட நின்னு சொல்லிச்சு." மெக்கானிக் வரும் வரைக்கும் தொட மாட்டேன் என்று நின்றிருக்கிறான். ஒன்றும் இல்லை என்று காட்ட அவர்கள் சிவப்பு சுவிட்சை விடுவித்தவுடனே, யாரும் பட்டனைத் தொடாமல், அது ஒரு தடவை இறங்கி ஏறியதாம். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பகலவன் மூஞ்சி வெளுத்துப்போயிற்று என்றான்.

மெஷினைத் திறந்து பார்த்துச் சரி செய்தார்கள். உற்பத்தியை நிறுத்தினான் என்று இவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அவன் ஊருக்குப் போகிற வழியில் இங்கே இறங்கினான். திருப்பூர் போகலாமா என்று யோசனையில் இருக்கிறான். அம்மா சோறு போட்டாள். எனக்கும் சேர்த்து வைத்தாள். நான் ஸ்பூனை எடுக்கவில்லை. அவன் சோற்றைப் பிசைந்து குழம்பை வழித்துச் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "சாப்பிடுங்க அண்ணே" என்றான். "நீ சாப்பிடுல, நான் பாக்கேன்" என்றேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவன் போன பிறகு அம்மாதான் பேசினாள். "அவன் கை தப்புனது அவன் அம்மைக்குத் தெரியுமால?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாமலே இருக்கட்டும் என்றாள்.

ஆய்வாளர் ஆபீஸிலிருந்து எனக்குக் அழைப்பாணை வந்திருக்கிறது. போகிறேன். பகலவன் கொண்டு வந்த பேப்பரில் இருப்பது பொய் என்று சொல்லப் போகிறேன். உனக்காக இல்லை. வேல்ராஜ் நின்ற இடத்தில் நாளைக்கு இன்னொருத்தன் நிற்பான்.

வேல்ராஜுக்குக் கை இருக்கிறது. எனக்கு இல்லை. இரண்டும் உன்னால்தான். இதை எப்படிச் சேர்த்து நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரியும் பகலும் முயன்று பார்த்துவிட்டேன். ஒன்று மற்றொன்றைக் கழிக்க மாட்டேன் என்கிறது.

தீபாவளிக்கு வா. அம்மாவுக்காகச் சொல்கிறேன். நான் உன்னிடம் பேசுவேனா என்று தெரியாது. பேசாவிட்டாலும் எழுந்து வெளியே போக மாட்டேன்.

இசக்கி